டேப்பட் சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்: 100 சிசி இன்ஜினில் டைமிங்கும் வால்வும்

[காட்சி: ஸ்பிளெண்டர் இன்ஜின், ஐடிலிங்கில் ஓடுகிறது. மைக் ஹெட்டுக்கு அருகில்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். டிக், டிக், டிக். இதைக் கேட்டதும் பலர் மெக்கானிக்கிடம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, டேப்பட் அடிக்குது, சத்தம் வராம டைட் பண்ணிடுங்க."

நானும் அப்படித்தான் சொன்னேன். பட்டறைக்காரரும் கேட்டபடியே செய்து கொடுத்தார். மூன்று மாதம் வண்டி பூனை மாதிரி ஓடியது. நான்காவது மாதம் ஒருநாள் காலையில் கிக் அடித்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை, காற்றை மிதிப்பது போல இறங்கியது. சிலிண்டரின் மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது.

[காட்சி: எரிந்த வால்வு, நெருக்கத்தில்.]

ஏன் இப்படி ஆகிறது? எக்ஸாஸ்ட் வால்வின் தலை வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, வால்வு மூடிக்கொண்டு, அது பொருந்தும் வளையமான சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. சூடாகும்போது வால்வின் தண்டு நீள்கிறது. அந்த நீளத்துக்கு இடம் விடத்தான், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே கேப். டேப்பட் சத்தம் இந்த கேப்பில் தட்டுவதுதான்; சத்தம் வராமல் டைட் செய்தால் கேப்பும் போய்விடும். கேப் இல்லையென்றால் வால்வு முழுதாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை, எரியும் வாயுவும் அந்தச் சந்து வழியே சீறுகிறது. விளிம்பு கருகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ராக்கர் தேய்ந்தால் கேப் கூடும், சத்தம் வரும். சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கினால் கேப் குறையும், சத்தமும் குறையும். யாரும் கை வைக்காமலே டேப்பட் சத்தம் அடங்கிவிட்டது என்றால் அன்றைக்கே ஃபீலர் கேஜை (கேப் அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள்.

அளவு என்ன? உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான். ஸ்பிளெண்டர் இன்ஜினின் முன்னோடியான ஹோண்டா சூப்பர் கப்பின் 70, 90 சிசி இன்ஜின்களில் அது 0.05 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளின் கனத்தில் பாதி. அதனால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள்.

[காட்சி: இடது பக்க மூடிகள் கழற்றப்படுகின்றன. மேக்னெட்டில் 'டி' மார்க்.]

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மேக்னெட் (கிராங்கின் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு, இடது பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். 'டி' மார்க் கோட்டுக்கு நேராக வரும்போது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. ஆனால் நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவு: இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆடும். மற்றது எக்ஸாஸ்ட் முடிவு: ஒன்று மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருக்கும். இந்த இரண்டாவது 'டி'யில் வைத்து டேப்பட் பிடித்தால் கேப் தாறுமாறாகப் போய்விடும். சந்தேகம் இருந்தால் மேக்னெட்டை இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டுங்கள். ராக்கர் சேர்ந்து அசைந்தால் அது தவறான 'டி', இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேப்பைச் சரிசெய்து, டேப்பட் ஸ்க்ரூவின் லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள். இறுக்கும்போது கேப் மாறுவது சகஜம்.

சரி, இனி கேம் டைமிங்: ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கும் கேம், பிஸ்டனோடு ஒத்துப்போகிறதா என்பது.

[காட்சி: ஹெட்டின் இடது மூடி திறந்து, கேம் ஸ்ப்ராக்கெட் தெரிகிறது.]

மேக்னெட்டில் 'டி' நேராக இருக்கும்போது ஸ்ப்ராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். குறி நேர் எதிரே நின்றால் பதற வேண்டாம். பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்கை இன்னொரு முறை சுற்றினால் குறி தானாக இடத்துக்கு வந்துவிடும். இந்த இன்ஜினில் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் வருவதால் அதிலும் குழப்பமில்லை.

பல் மாறுவதுதான் ஆபத்து. ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் இருந்தால், ஒரு பல் பிசகினால் கேமில் சுமார் 13 டிகிரி, கிராங்கில் கிட்டத்தட்ட 26 டிகிரி தள்ளிப்போகும். கேம் பின்தங்கினால் இன்லெட் தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்று திரும்பிப் போகும், கிக் லேசாகும், மேட்டில் வண்டி திணறும். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினை மாட்டும்போது இழுபடும் பக்கம் தொய்யக் கூடாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் போட்டபின் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, குறிகளை மறுபடி பாருங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், கிக் அடித்துப் பார்த்தால் வால்வு வளைந்துவிடும். அப்புறம், செயின் இறங்கும் குழியை ஒரு துணியால் அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள். உள்ளே விழுந்த போல்ட்டுக்காக இன்ஜினையே பிரிக்க நேரலாம்.

[காட்சி: பிளக் ஓட்டையில் அடாப்டர், கம்ப்ரசர் குழாய்.]

டைமிங் சரி, கேப்பும் சரி, ஆனாலும் கிக் லேசாக இருக்கிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். கம்ப்ரஷன் 'டி'யில் நிறுத்தி, கிராங்க் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியே காற்று விடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். கம்ப்ரசர் இல்லாதவர்கள் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டிக் கிக் அடித்துப் பாருங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லையென்றால் வால்வைச் சந்தேகப்படலாம்.

புகையும் சொல்லும். இரவு நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை விட்டு அடங்கினால், பெரும்பாலும் வால்வு சீல் (தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது). அதற்காகச் சிலிண்டரைக் குடையும் போர் வேலைக்குச் சம்மதித்துவிடாதீர்கள்.

ஹெட் இறங்கிவிட்டதென்றால் வால்வுகளைக் கழற்றாமலே போர்ட்டில் (வாயு போகும் வழி) பெட்ரோல் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். கசிகிற பக்கம்தான் கோளாறு. விளிம்பு கருகாத வால்வுக்குக் கிரைண்டிங் பேஸ்ட் போதும். சீட்டைச் சுற்றி ஒரே அகலத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சாம்பல் வளையம் வந்தால் நிறுத்திவிடுங்கள். பேஸ்டைத் துளியும் மிச்சமில்லாமல் கழுவுங்கள். அது உள்ளே போனால் வால்வுத் தண்டு ஓடும் கைடையும் ரிங்கையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

[காட்சி: மூடிகள் மாட்டப்படுகின்றன. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது.]

இப்போது கேளுங்கள். டிக், டிக், டிக். மெல்லியதாக, சீராக. இதை இப்படியே விட்டுவிடுங்கள்.