விதைநெல்லைச் சமைக்கச் சொன்னவர்: பெரியபுராணத்து மனைவியர்

(திரையில்: இருட்டு, அடைமழை, தாழிட்ட கதவு)

வணக்கம். வீரக் கதை என்றாலே வாளும் குதிரையும் நினைவுக்கு வரும். நாயகனின் மனைவி வாசலில் நின்று திலகமிட்டு வழியனுப்புவாள், அவன் திரும்பும்போது ஆரத்தி எடுப்பாள். அதோடு அவள் பங்கு முடிந்துவிடும். நாயன்மார் எனப்படும் 63 சிவனடியார்களின் கதைகளைச் சொல்லி, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அப்படி இல்லை. அங்கே பல இடங்களில் வீரச்செயல் நடப்பதே சமையலறையில்தான்.

பெரியபுராணம் வீரக் கதையா என்று கேட்கலாம். அடியார்களைப் பற்றிச் சேக்கிழாரே சொல்கிறார்: 'வீரம் என்னால் விளம்பும் தகையதோ'. கட்டியிருப்பது கந்தைத் துணி, செய்வது தொண்டு. ஆனாலும் அதை அவர் வீரம் என்றுதான் சொல்கிறார்.

இளையான்குடி மாற நாயனார் கதைக்கு வருவோம். மொத்தம் 27 பாட்டு. மாறனார் வேளாண் குடியில் பிறந்தவர், வரும் அடியாருக்கெல்லாம் சோறிட்டவர். செல்வம் போகிறது. நிலத்தை விற்று, கடன் வாங்கி, அப்போதும் சோறிடுவதை நிறுத்தவில்லை. ஒரு மழை இரவில், கணவனும் மனைவியும் பட்டினியாகக் கிடக்கும்போது, நனைந்துகொண்டு ஓர் அடியார் வருகிறார். ஈரத்தைத் துடைத்து உட்கார வைத்துவிட்டு, 'இவருக்கு என்ன செய்வது?' என்று மாறனார் கேட்கிறார். யாரிடம்? மனைவியிடம்.

அந்த அம்மையார் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். வீட்டில் ஒன்றும் இல்லை. 'ஏதிலாரும் இனித் தருவார் இல்லை', அதாவது அயலாரும் இனித் தரமாட்டார்கள். நேரமும் ஆகிவிட்டது, போக வேறு இடமும் இல்லை. இது வெறும் புலம்பல் இல்லை. யாரிடம் எவ்வளவு வாங்கியாயிற்று, இனி எந்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது என்கிற கணக்கு முழுவதும் அவர் மனதில் இருக்கிறது. வழியும் அவரே சொல்கிறார்: பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் 'வல்லவாறு அமுதாக்கலும் ஆகும்'. என்னால் முடிந்தபடி சமைத்துவிடுவேன் என்கிறார்.

(திரையில்: சேற்று வயல், நீரில் மிதக்கும் முளைநெல்)

விதைநெல்லை எடுத்துச் சாப்பிடுவது என்றால் என்ன என்று உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வரப்போகும் விளைச்சலையே இன்றைக்கு உலையில் போடுவது. கடன்பட்ட வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை அந்த வயல்தான். அதையும் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவர் அவர்.

மாறனார் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழியைத் தடவிப் போகிறார், வாரி வருகிறார். நாம் வழக்கமாகச் சொல்லும் வீரம் இது. இதற்குப் பிறகு வருவதைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். மனைவி வாசலிலேயே காத்திருக்கிறார். கூடையை வாங்கி, நெல்லில் ஒட்டிய சேற்றைக் கழுவுகிறார். அடுத்து, 'விறகு இல்லையே' என்கிறார். கணவர் கூரையின் வரிச்சுக் கம்புகளை அறுத்துப் போடுகிறார். ஈர நெல்லை அப்படியே உரலில் இட்டால் மசிந்துபோகும். அதனால் மனைவி முதலில் வறுத்து, பிறகு குத்தி அரிசியாக்கி, உலையில் இடுகிறார். சோறு ஆனதும் 'கறிக்கு என்ன செய்வது?' என்று கேட்கிறார். கொல்லையில் சரியாக வளராத கீரைப் பயிரைக் கணவர் பறித்து வருகிறார். மனைவி அதை ஆய்ந்து, அலசி, அந்த ஒன்றையே வெவ்வேறு கறிகளாகச் சமைக்கிறார்.

இந்தப் பகுதியில் கதையை நடத்துவது யார் என்று பாருங்கள். அடுத்து என்ன வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்தவர் அவர். கணவர் போவதும் கொண்டுவருவதும் அவர் சொல்லைக் கேட்டுத்தான். சேக்கிழார் இதை நன்றாகத் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். முடிவில் காட்சி தரும் சிவனும் மாறனாரை 'அணங்கினோடும்', அதாவது மனைவியோடும், தன் உலகுக்கு வரச் சொல்கிறார். ஆனால் அந்த அணங்கின் பெயர் என்ன? பாட்டில் இல்லை. நாயன்மார் பெயர்களைத் தொகுத்துச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையிலும் 'இளையான்தன் குடிமாறன்' மட்டும்தான் இருக்கிறார்.

(திரையில்: திருக்கடவூர்க் கோயில் கோபுரம்)

திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார் வீட்டிலும் இதே வறுமை. பிள்ளைகள் பசியால் வாடுகிறார்கள். மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறார். வழியில் தூபமிடும் குங்கிலியப் பிசின் மூட்டையைப் பார்த்த கலயர், தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். இங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இறைவன் முதலில் வருவது, கோயிலில் தூபமிடும் கலயரிடம் இல்லை. பட்டினியோடு படுத்திருக்கும் மனைவியின் கனவுக்கு. வீடு நிறையப் பொன்னும் நெல்லும். எழுந்தவர் கணவருக்காகச் சமைக்கத் தொடங்குகிறார். அதன் பிறகுதான் கலயருக்கு 'வீட்டுக்குப் போய் உண்' என்று கட்டளை வருகிறது.

சிறுத்தொண்டர் உண்மையிலேயே படைத்தலைவர். சாளுக்கியர் தலைநகரான வாதாபியை அழித்தவர். அந்தப் போர் ஒரே பாட்டில் முடிகிறது: 'வாதாவித் தொன்னகரம் துகளாக'. 88 பாட்டுள்ள புராணத்தில் பெரும்பகுதி திருச்செங்காட்டங்குடி வீட்டில், பிள்ளைக் கறி கேட்ட அடியாருக்கு விருந்து படைப்பதில் போகிறது. மனைவி திருவெண்காட்டு நங்கைக்குப் பெயராவது இருக்கிறது. ஆனால் மகனைக் கொடுக்கத் துணியும் அந்தத் தாயின் துணையைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. இயற்பகையார் மனைவியையே ஓர் அடியாருக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த அம்மையார் கலங்குகிறார், பின் தெளிந்து இசைகிறார். கலக்கத்தைச் சேக்கிழார் மறைக்கவில்லை. ஆனாலும் இளையான்குடி அம்மையார் முடிவெடுத்தார், இவரோ பிறர் எடுத்த முடிவுக்கு உட்பட்டார். இரண்டையும் ஒரே பெயரில் 'கணவனுக்கு உறுதுணை' என்று பாராட்டுவது நியாயமில்லை.

63 நாயன்மாரில் பெண்கள் 3 பேர். மங்கையர்க்கரசியார் பாண்டிய அரசி. இசைஞானியார் சுந்தரரின் தாய். காரைக்கால் அம்மையார் ஒருவர்தான், அடுப்படியில் நின்று அடியாருக்குச் சோறிடும் மனைவியாக நமக்கு அறிமுகமாகிறவர். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியாருக்கு இட்டார், இன்னொன்றைக் கணவனுக்கு வைத்தார். அவன் மற்றதையும் கேட்டபோது இறைவன் தந்த கனியைக் கொண்டுவந்தார். அதைக் கண்டு அஞ்சிய அவன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். உறவினரோடு அம்மையார் தேடிச் சென்றபோது, அவன் குடும்பத்தோடு அவர் காலில் விழுந்தான். அதன் பிறகே அவர், கணவனுக்காகத் தாங்கிய அழகும் சதையும் இனி வேண்டாம் என்று உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு, அற்புதத் திருவந்தாதி பாடினார்.