மடிப்பு ஓரத்தில் ஒரு வரி

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போர்முனையிலிருந்து சிப்பாய்கள் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் பக்கத்தில் மனைவி பெயருக்கே கடிதம் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் பார்த்த பழைய கடிதங்கள் பெரும்பாலும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ எழுதியவை. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும். மணியார்டர் வந்ததா, ஏரி நிரம்பியதா, கேழ்வரகு எத்தனை மூட்டை என்று போகும். கடைசியில் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று முடியும். அந்த எல்லோரில் ஒருத்தியாகத்தான் மனைவி இருப்பாள்.

அரூர்ப் பக்கம் ஒரு வீட்டில், 1971 டிசம்பரில் வந்த இன்லண்ட் லெட்டர் ஒன்றை ஒரு பாட்டி காட்டினார். அவர் புருஷன் தன் அப்பாவுக்கு, அதாவது பாட்டியின் மாமனாருக்கு எழுதியது. அனுப்புநர் இடத்தில் பெயர், நம்பர், யூனிட், 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண். அவ்வளவுதான். எந்த ஊர், எந்த மலை, எதுவும் கிடையாது. ராணுவத் தபாலில் இடத்தைச் சொல்லக் கூடாது. புருஷன் எல்லையில் நிற்கிறானா, கூடாரத்தில் தூங்குகிறானா என்று பெண்சாதிக்குத் தெரியாது. அந்த டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய பாகிஸ்தான் போர் 16ஆம் தேதி டாக்காவில் முடிந்துவிட்டது. தபால் போகிற வேகத்தில், அவன் எழுதிய சூழ்நிலை ஒன்று, இங்கே படித்தபோது இருந்த நிலைமை வேறொன்று.

அந்தக் கடிதத்தில் எழுத இடமெல்லாம் தீர்ந்த பிறகு, பசை தடவி ஒட்டுகிற மடிப்பு ஓரத்தில், பக்கவாட்டில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அவளுக்குக் கால்வலி தேவலையா, குனிந்து களை எடுக்க விடவேண்டாம் என்று. பிரித்தவர் அவசரமாகக் கிழித்ததில் பாதி எழுத்து போய்விட்டது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து கொழுந்தனார் சத்தமாகப் படித்திருக்கிறார், அவரும் அந்த வரியை விட்டுவிட்டார். பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகுதான் அப்படி ஒரு வரி இருப்பதே பாட்டிக்குத் தெரியவந்தது. என்னிடம் விரல் வைத்துக் காட்டியது அந்த இடத்தைத்தான்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுதத் தெரியாத சிப்பாய் இன்னொருவனைக் கொண்டு எழுதினான். அதிகாரி படித்துப் பார்த்து அனுப்பினார். ஊரில் வேறொருவர் படித்துச் சொன்னார். இத்தனை பேர் காதையும் கண்ணையும் தாண்டி அவளிடம் ஒரு சொல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் பாசமெல்லாம் மாட்டைப் பற்றிய விசாரிப்பாகவும் மழையைப் பற்றிய விசாரிப்பாகவும் வந்தது. இதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆம்பளைக்குப் பெண்டாட்டி மேல் பிரியமே இல்லை" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் பணியாற்றினார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. பிரான்சில் இருந்த நம் ஆட்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யத் தனி அலுவலகமே இருந்தது. சிப்பாய்களும் விடவில்லை. கருமிளகு தீர்ந்துவிட்டது, இனி சிவப்பு மிளகைத்தான் செலவழிப்பார்கள் என்று எழுதினார்கள். கருப்பு இந்தியர், சிவப்பு வெள்ளையர். தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி வடநாட்டுச் சிப்பாய்கள் பிரான்சிலிருந்து எழுதியவை. மதராஸ் படைகள் அதிகம் போனது மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். ஆகவே நம் ஆட்கள் எழுதியதை வெளியூர்க் காப்பகத்தில் தேடிப் பெரிய பலனில்லை. இருந்தால் நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். அப்புறம், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் பிடிபட்டார்களே, அவர்கள் வீடுகளில் கடிதம் வராத காலமும் உண்டு. அதை எந்தக் காகிதம் சொல்லும்?

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டு, விழுந்தவன் பெயர், கையில் வில்லோ வாளோ இருக்கும். சில கல்வெட்டுகளில், இறந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தியும் உண்டு. ஆனால் அந்த நிலத்தில் பாடுபட்டவள் எப்படி இருந்தாள் என்பதைக் கல் சொல்லவில்லை. கடிதத்திலும் பாதிக் கதைதான் கிடைக்கிறது. அவன் எழுதியது வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அவள் சொல்லி எழுதச் சொன்ன பதில், இடம் மாறிக்கொண்டே இருந்தவனின் மூட்டையில் எங்கோ தொலைந்துவிட்டது.

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். பழைய கடிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் போடாதீர்கள், அந்தப் பசை நாளாக நாளாக மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுக்கும். குண்டூசியை எடுத்துவிடுங்கள், துரு இறங்கும். தபால் தலையைப் பிரிக்கவே கூடாது, முத்திரையில்தான் தேதி இருக்கிறது. மடிப்பை மெதுவாகப் பிரித்து, முகவரிப் பக்கம், ஓரம், பின்பக்கம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். பிறகு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்: யார் படித்துச் சொன்னார்கள், பதில் யார் எழுதினார்கள், என்ன எழுதச் சொன்னீர்கள், எதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்கள்? அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்று கடிதம் கொண்டுவந்திருப்பவர்கள், மேடைக்கு இடப்பக்கம் போட்டிருக்கும் மேசைக்கு வாருங்கள். உங்கள் கண்முன்னாலேயே படம் எடுத்துக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மூலத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், நான் கேட்டாலும் சரி.