முதுகுவலி உள்ள இளைஞர் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க வேண்டுமா?

அடுத்த கேள்வி ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வயது 26. முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு பஸ்ஸில் போகிறார். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரியவர், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே இல்லை" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம். "நான் எழுந்திருக்கணுமா சார்?" என்கிறார். கூடவே, மகளிர் இருக்கை காலியாக இருந்தால் ஆண்கள் உட்காரலாமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டவும் வேண்டாம். "ஐயா, எனக்கு முதுகுல பிரச்சினை, நிற்க முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நம் ஊர் பஸ்ஸில் அதைக் கேட்டதும் பின் சீட்டிலிருந்து யாராவது எழுந்துவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால்தான் வம்பு.

பார்த்ததும் தெரிகிற கஷ்டம் கொஞ்சம்தான். நரைத்த தலையும் ஊன்றுகோலும் தெரியும், டிஸ்க் எப்படித் தெரியும்? இரண்டு மூன்று மாதக் கர்ப்பம்கூட வெளியே தெரியாது. வாந்தியும் மயக்கமும் படுத்துவது பெரும்பாலும் அப்போதுதான். லண்டனில் கர்ப்பிணிகளுக்கு 'பேபி ஆன் போர்டு' என்ற பேட்ஜை 2005 முதல் கொடுக்கிறார்கள். 2017இல், வெளியே தெரியாத உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கும் 'ப்ளீஸ் ஆஃபர் மீ எ சீட்' என்று ஒரு பேட்ஜ் வந்தது. அதை வாங்க மருத்துவச் சான்று கேட்பதில்லை. டோக்கியோவில் இதே காரணத்துக்காக 2012இல் ஒரு சிவப்பு அட்டை கொண்டுவந்தார்கள், பையில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். நம்மிடம் பேட்ஜ் இல்லாவிட்டால் என்ன, வாயைத் திறந்து கேட்கலாமே. பெரியவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். குத்திக்காட்டாமல், "தம்பி, கால் வலிக்குது, கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்கிறவர் அபூர்வம்.

உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் எழுந்து கொடுக்கும்போது ஒரு விஷயம். சட்டென்று எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால், நீங்கள் யாருக்காக எழுந்தீர்களோ அவர் வருவதற்குள் வேறொருவர் நுழைந்து உட்கார்ந்துவிடுவார். துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய ஊர் இது! அதனால் கம்பியைப் பிடித்து எழுந்து, சீட்டை மறைத்த மாதிரி நின்றுகொண்டு அவரைக் கூப்பிடுங்கள். பஸ் நின்றிருக்கும்போதே எழுந்தால் இன்னும் நல்லது. டிரைவர் கிளப்புகிற வேகத்தில், கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு அடி நடக்க வயதானவர்களால் முடியாது.

"பாட்டி, வாங்க" என்று கூப்பிட்டால் சில அம்மாக்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்காரர் என்றால் ஒன்றும் சொல்லாமல், இறங்கப் போகிறவர் போல எழுந்து விடுங்கள். வேண்டாம் என்று மறுத்தால் இன்னொரு தடவை கேட்டுவிட்டு நீங்களே உட்காரலாம், அதில் தப்பில்லை.

மகளிர் இருக்கை விஷயம். பஸ் காலியாக ஓடுகிறது, நிற்கிற பெண் யாரும் இல்லை என்றால் உட்காருங்கள். ஒருவர் ஏறியதும், அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் எழுந்துவிட வேண்டும். காலை, மாலை நெரிசலில் உட்காராமல் இருப்பதே மேல். குரோம்பேட்டையில் ஏறுகிற பெண் அந்தக் கூட்டத்தைத் தாண்டி உங்களிடம் வந்து சேரவே முடியாது, அப்புறம் எங்கே கேட்பது? "டிக்கெட்டும் இலவசம், சீட்டும் வேணுமா" என்று முணுமுணுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மகளிர் இருக்கை அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.