விர்ச்சுவல்பாக்ஸ்ல லினக்ஸ் மின்ட் பாதியில நிக்குது, என்ன செய்ய? கோத்தகிரி நேயரோட கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கோத்தகிரி பக்கம் அரவேணுவிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். ஊட்டியில கல்லூரி படிக்கிறார். விண்டோஸ் 11 மடிக்கணினி, 8 ஜிபி ரேம். அதுல விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது ஒரு கணினிக்குள்ள இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டுற மென்பொருள், அதை வச்சு லினக்ஸ் மின்ட் 22ங்கிற இயங்குதளத்தைப் போடப் பார்க்கிறார். அவர் எழுதினதைச் சுருக்கிப் படிக்கிறேன்: "அண்ணா, முதல்ல 64 பிட் தேர்வே வரல. பயாஸ்ல (கணினி தொடங்கும்போதே வர்ற அமைப்புத் திரை) போய் மாத்தினதும் வந்துச்சு, ஆனா ரொம்ப மெதுவா ஓடுது. இன்ஸ்டால் பாதியில 'எர்னோ 5, இன்புட் அவுட்புட் எரர்'னு நின்னுடுச்சு. மறுபடி போடும்போது கரண்ட் போயிடுச்சு, என் பேட்டரி தாங்காது. இப்ப விஎம் பேருக்குக் கீழ 'இன்அக்சசிபிள்'னு காட்டுது. நண்பன் உபுண்டுவுக்கு மாறச் சொல்றான். மாறிடட்டுமா?"

மாற வேண்டாம் தம்பி. இதுல எதுவுமே மின்ட்டோட கோளாறு இல்ல. உபுண்டுவும் இன்னொரு லினக்ஸ்தான், அதுக்குப் போனா இதே நாலும் அங்கயும் வரும். அதோட உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது இன்ஸ்டால் வட்டோட முழு நகல், 6 ஜிபிக்குப் பக்கத்துல வரும், மின்ட் 3 ஜிபிக்கும் குறைவு. டேட்டாதான் வீணாகும். உங்க நாலு பிரச்சினைக்கும் நாலு தனித்தனி காரணம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, பார்க்கிற அமைப்பை எல்லாம் மாத்தினா எது சரியாச்சு, எது கெட்டுச்சுன்னே தெரியாமப் போயிடும். எந்த இடத்துல நிக்குதுங்கிறதை மட்டும் பாருங்க. இன்ஸ்டாலர் வர்றதுக்கு முன்னயா, கோப்புகளை நகலெடுக்கும்போதா, முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆனப்புறமா? அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல அந்த எர்னோ 5. உங்களோட முக்கியமான பிரச்சினை இதுதான். நகலெடுக்கும்போது இந்தப் பிழை வந்தா, இன்ஸ்டாலரால மூலக் கோப்பைப் படிக்க முடியல, இல்ல வட்டுல எழுத முடியலன்னு அர்த்தம். விஎம்ல நிஜமான டிவிடி கிடையாது, ஐஎஸ்ஓதான் டிவிடி. அதனால பெரும்பாலும் அந்த ஐஎஸ்ஓ கோப்புதான் பழுதா இருக்கும். உங்க பக்கம் அப்படி ஆக நிறைய வாய்ப்பு இருக்கு. டவர் ஒரு மலைச்சரிவுல, வீடு மறு சரிவுல. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான்ல 2.8 ஜிபி கோப்பை இறக்கினா, நடுவுல டேட்டா தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிடும். அந்த வேகத்துல முழுக் கோப்பும் வர ஏறத்தாழ நாலு நாள் ஆகும். இடையில இணைப்பு அறுந்து, பிரவுசர் தொடர்ந்து இறக்கும்போது கோப்பு குறைபட்டு நின்னுடலாம். ஆனா பெயரும் ஐகானும் சரியாத்தான் இருக்கும், பூட் ஆகவும் செய்யும். பழுதான பகுதியைப் படிக்கப் போறப்பதான் நிக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்ல, கோப்போட கைரேகை மாதிரி ஒரு வரி எடுத்து ஒப்பிட்டுச் சோதிச்சே பார்த்துடலாம். 7-ஜிப் இருந்தா கோப்புமேல வலது கிளிக், சிஆர்சி எஸ்எச்ஏ, அதுல எஸ்எச்ஏ-256. இல்லன்னா கமாண்ட் பிராம்ப்ட்ல செர்ட்யூட்டில், ஒரு இடைவெளி, ஹைஃபன் ஹாஷ்ஃபைல், இடைவெளி, கோப்போட பெயர், இடைவெளி, எஸ்எச்ஏ256. ஆங்கிலத்துல இப்படி அடிங்க: certutil -hashfile கோப்போட-பெயர் SHA256. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 64 குறிகள் உள்ள ஒரு வரி வரும். மின்ட் தளத்துல அதே பதிப்புக்கு எஸ்எச்ஏ256சம்னு ஒரு உரைக் கோப்பு இருக்கும், அதுல உள்ள வரியோட ஒப்பிடுங்க. சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மின்ட்டோட மூணு வகைக்கும் வேற வேற வரி, மாத்திப் பார்த்துடாதீங்க. ஒரே ஒரு எழுத்து வேறயா இருந்தாலும் கோப்பு பழுதுதான்.

இதுல பலரும் செய்யாத ஒரு காரியம் இருக்கு. அந்தச் சோதனையை ரெண்டு தடவை பண்ணுங்க. ரெண்டு தடவையும் ஒரே வரி வந்து, அது தளத்துல இருக்கிறதோட பொருந்தலன்னா இறக்கினதுலதான் தப்பு. ரெண்டு தடவையும் வேற வேற வரி வந்தா அது கோப்போட பிரச்சினை இல்ல. உங்க ரேம், வட்டு, இல்ல பென்டிரைவ் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி படிக்குது. எத்தனை தடவை இறக்கினாலும் அது சரியாகாது. முதல்ல கோப்பைப் பென்டிரைவிலிருந்து மடிக்கணினியோட உள் வட்டுக்கு நகலெடுத்துச் சோதிங்க. ஐஎஸ்ஓவைப் பென்டிரைவ்ல வச்சபடியே விஎம்முக்குக் கொடுக்கவே கூடாது. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல இறக்கி எடுத்துட்டு வர்றீங்கன்னா, பென்டிரைவை 'எஜெக்ட்' கொடுத்துட்டுத்தான் உருவணும். இல்லன்னா கடைசிப் பகுதி எழுதப்படாமலே வந்துடும்.

கோப்பு பழுதுன்னு தெரிஞ்சா 2.8 ஜிபியையும் மறுபடி இறக்கணுமேன்னு கலங்காதீங்க. மின்ட் தளத்துல டோரண்ட் இணைப்பும் கொடுக்கிறாங்க. டோரண்ட் கோப்பைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். உங்க பழைய ஐஎஸ்ஓவை, பெயரை மாத்தாம, டோரண்ட் மென்பொருள் சேமிக்கிற அதே ஃபோல்டர்ல வைங்க. டோரண்டைச் சேர்த்துட்டு 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்க. நல்லா இருக்கிற துண்டுகளை ஏத்துக்கும், கெட்டதை மட்டும் புதுசா இறக்கும். பல சமயம் சில எம்பியிலேயே வேலை முடிஞ்சிடும். மலையில மொபைல் டேட்டாவை நம்பி இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன், ஐஎஸ்ஓ இறக்க முதல் வழியே டோரண்டா இருக்கட்டும். இன்னிக்கு டேட்டா தீர்ந்தா நிறுத்திட்டு நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வரி பொருந்துது, அப்பவும் எர்னோ 5 வருதுன்னா மடிக்கணினியோட வட்டைச் சந்தேகப்படுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல 'காஷன்' இல்ல 'பேட்'னு காட்டினா, விஎம்மை விடுங்க, முதல்ல உங்க பாடக் கோப்புகளை எல்லாம் வேற இடத்துல நகல் எடுங்க.

அடுத்தது கரண்ட் போனது. அப்படி நின்னப்போ ஐஎஸ்ஓவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, அதை விஎம் படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. அடிபடுறது ரெண்டு. ஒண்ணு மெய்நிகர் வட்டு, அந்த விடிஐ கோப்பு. பாதி இன்ஸ்டாலை ஒட்டுப்போட்டுக் காப்பாத்தப் பார்க்காதீங்க. அதை அழிச்சுட்டுப் புது வட்டு உருவாக்குங்க, அதுக்கு ஒரு நிமிஷம் போதும். இன்னொண்ணு விஎம்மோட அமைப்புக் கோப்பு. 'இன்அக்சசிபிள்'னு வர்றது இதனாலதான். விபாக்ஸ்னு முடியுற கோப்பை எழுதிட்டு இருக்கும்போது மின்சாரம் போனா அது காலியாகவோ அரைகுறையாகவோ நின்னுடும். உங்க பயனர் ஃபோல்டருக்குள்ள 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்', அதுக்குள்ள விஎம் பெயர்ல ஒரு ஃபோல்டர். திறந்து பாருங்க. அதே பெயர்ல கடைசியில 'ஹைஃபன் பிரெவ்'னு ஒட்டிக்கிட்டு இன்னொரு கோப்பு இருக்கும். அது முந்தின நல்ல நகல். விர்ச்சுவல்பாக்ஸை மூடிட்டு, கெட்ட கோப்போட பெயரை மாத்தி வச்சுட்டு, பிரெவ் கோப்பை நகலெடுத்து, நகலோட பெயர்லிருந்து அந்த 'ஹைஃபன் பிரெவ்'வை மட்டும் நீக்குங்க. கோப்பு நீட்சிகள் தெரியலன்னா எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுல 'ஷோ'வுக்குள்ள 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' போடுங்க. உங்களுக்கு இன்ஸ்டாலே முடியாததால புது விஎம் போடுறதே சுலபம். ஆனா ஆறு மாசம் பாடம் எழுதி வச்ச விஎம் இப்படி ஆச்சுன்னா இந்த ஒரு கோப்புதான் கைகொடுக்கும், அதனாலதான் இவ்வளவு விரிவாச் சொல்றேன்.

ஐப்பசி, கார்த்திகையில கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுறது உங்களுக்கே தெரியும். பேட்டரி தாங்காத மடிக்கணினியில மழை நாளிலயோ, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைன்னு அறிவிச்ச நாளிலயோ இன்ஸ்டாலைத் தொடங்காதீங்க. சாதாரண ஹார்ட் டிஸ்க்கா இருந்தா முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்க, எஸ்எஸ்டின்னா 15 நிமிஷத்துல முடியலாம். முடிஞ்ச விஎம்ல வேலை பார்க்கும்போது கரண்ட் போய், அடுத்த தடவை கருப்புத் திரையில 'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி'னு நின்னா பயப்படாதீங்க. அது எந்தப் பகுதியைச் சொல்லுதோ, எஸ்டிஏ2, எஸ்டிஏ3 மாதிரி, வட்டைச் சரிபார்க்கிற எஃப்எஸ்சிகே கட்டளை போட்டு அந்தப் பெயரைக் கொடுத்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒய் சொல்லுங்க. முடிஞ்சதும் எக்சிட். பெரும்பாலும் எழுந்துடும்.

இப்ப மெதுவா ஓடுறது. 64 பிட் வராததுக்கு பயாஸ்ல இன்டெல்னா 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டின்னா 'எஸ்விஎம் மோட்', இதைத்தான் போட்டிருப்பீங்க, சரி. மத்தவங்களுக்கு ஒண்ணு: விண்டோஸ் 11ல வட்டு குறியாக்கம் போட்டிருந்தா, பயாஸ்ல கைவைக்கிறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் மீட்பு எண்ணை எழுதி வச்சுக்கோங்க. சில மடிக்கணினிகள்ல பயாஸ் மாறினதும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

தம்பி, உங்க விஎம் சாளரத்தோட கீழ்ப்பட்டியில ஒரு பச்சை ஆமை தெரியுதா பாருங்க. தெரிஞ்சா, விண்டோஸ் தன்னோட ஹைப்பர்-விங்கிற மெய்நிகர் கணினி அமைப்பு வழியா ப்ராசஸரைப் பிடிச்சு வச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்குமேல ஏறி ஓடுதுன்னு அர்த்தம். அதனாலதான் மந்தம், சில சமயம் நடுவுலயே உறைஞ்சும் போகும். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்'ல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூணுலயும் டிக் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துறீங்கன்னா அது வேலை செய்யாது, யோசிச்சுச் செய்யுங்க. அப்பவும் ஆமை போகலன்னா விண்டோஸ் செக்யூரிட்டியில கோர் ஐசோலேஷனுக்குள்ள இருக்கிற மெமரி இன்டெக்ரிட்டி காரணமா இருக்கலாம். இது பாதுகாப்புக்காக இருக்கிற அமைப்பு. ஆமை இருந்தும் வேகம் உங்களுக்குப் போதும்னா இதை அணைக்காதீங்க, அதுதான் என் கருத்து.

புது விஎம் போடும்போது 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' வேண்டாம்னு தேர்வு பண்ணுங்க; 7.0ல முதல் பக்கத்துல 'ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்'ல டிக் போடணும். அது விர்ச்சுவல்பாக்ஸ் தானே இன்ஸ்டால் பண்ணுற வசதி. ஆனா அப்படிப் போட்ட உபுண்டு வகை விஎம்ல பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, இல்லாமப் போறது, டெர்மினல் திறக்காம இருக்கிறது எல்லாம் நிறையப் பேருக்கு நடந்திருக்கு. கையாலயே போடுங்க. ரேம் 4096 எம்பி, விண்டோஸ்ல பிரவுசர் திறந்து வச்சுக்கிட்டே வேலை பார்ப்பீங்கன்னா 3072. ப்ராசஸர் 2. வட்டு 25 ஜிபி, தேவைக்கேத்தபடி வளர்ற வகை. ஆனா சி டிரைவ்ல உண்மையிலேயே 30 ஜிபி காலி இருக்கணும். இல்லன்னா விடிஐ வளர்ந்து வளர்ந்து இடம் தீர்ந்ததும் விஎம் நடுவுல நிறுத்தி வைக்கப்படும். டிஸ்ப்ளேயில வீடியோ மெமரி 128, கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, 3டி முடுக்கம் இன்ஸ்டால் முடியற வரைக்கும் வேண்டாம், கருப்புத் திரைக்குப் பல சமயம் அதுதான் காரணம். 7.1 பதிப்பு வச்சிருந்தா அமைப்புகளை 'எக்ஸ்பர்ட்'க்கு மாத்துங்க, 'பேசிக்'ல சிலது தெரியாது.

இன்ஸ்டாலர் சாளரத்தோட அடிப்பகுதி, 'கன்டினியூ' பொத்தான் திரைக்கு வெளியே போயிட்டா, ஆல்ட் விசையைப் பிடிச்சுக்கிட்டு மவுஸால சாளரத்தை மேல இழுங்க. வைஃபை காட்டலன்னு தேடாதீங்க, விஎம்முக்கு எப்பவும் கம்பி இணைப்பு மாதிரிதான் தெரியும். 'இரேஸ் டிஸ்க்'னு கேட்கும்போது விண்டோஸ் போயிடுமோன்னு பலரும் அங்கயே நிறுத்திடறாங்க. விஎம்முக்குள்ள அது அழிக்கிறது அந்த 25 ஜிபி மெய்நிகர் வட்டை மட்டும்தான். வட்டோட அளவு 25 ஜிபி பக்கத்துல காட்டுதான்னு ஒரு தடவை பார்த்துட்டுத் தைரியமாக் கொடுங்க. பென்டிரைவ்ல நேரா பூட் பண்ணினா மட்டும் அதே பொத்தான் உங்க நிஜ வட்டை அழிச்சிடும்.

கடைசியா, முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆகும்போது 'ரிமூவ் த இன்ஸ்டலேஷன் மீடியம்'னு நிக்கும். என்டர் தட்டுங்க. மறுபடி அதே நேரடி மின்ட் திரை வந்தா இன்ஸ்டால் தோத்துடுச்சுன்னு நினைச்சு இன்னொரு தடவை தொடங்கிடாதீங்க. ஐஎஸ்ஓ இன்னும் செருகியே இருக்கு, அவ்வளவுதான். விஎம்மை அணைச்சுட்டு, செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், அங்க வட்டுக் குறியை அமுக்கி ஐஎஸ்ஓவை எடுத்துட்டு இயக்குங்க.

இவ்வளவும் செஞ்சும் நின்னா, விஎம் பெயர்மேல வலது கிளிக் பண்ணி 'ஷோ லாக்', அதைச் சேமிச்சு, எஸ்எச்ஏ வரி பொருந்துச்சா, எந்தக் கட்டத்துல நின்னுதுன்னு ரெண்டு வரியும் சேர்த்து அனுப்புங்க தம்பி. அந்த லாக்ல பிழை எண்ணோட இருக்கும், அதைப் பார்த்து அடுத்த பதிவுல சொல்றேன்.