எந்த நீரில் தேடுவது?

தலைவர் அவர்கள் பேசும்போது, ஒரு சொட்டுக் கண்ணீரிலேயே மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் காலம் வந்துவிட்டது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் குறைக்கும் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது.

கண்ணீரில் எஸ்100ஏ8, எஸ்100ஏ9 என்ற இரு புரதங்களை அளக்கும் சோதனை அமெரிக்காவில் வந்திருப்பது உண்மைதான். பாஸ்டனில் மார்ஷா மோசஸ் குழுவினர் சிறுநீரில் எம்எம்பி-9 என்ற நொதியைத் தேடினார்கள். சில மார்பகப் புற்றுநோய்களில் மிகுந்துவிடும் ஹெர்-2 என்ற புரதத்தை உமிழ்நீரில் தேடியவர்களும் உண்டு. ஊசி வேண்டாம், வலி இல்லை. ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரில் எல்லாமே நீர்த்திருக்கும். சிறுநீரில் ஏறக்குறையச் சீராக வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்த பிறகே அந்த எண்ணைப் பேச முடியும். வெங்காயம் நறுக்கும்போது வழியும் கண்ணீரும் சும்மா கண்ணை நனைத்திருக்கும் நீரும்கூட ஒன்றல்ல.

சரி, இரத்தம்? அதில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் நீரான பிளாஸ்மாவில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய பாதி அல்புமின் என்ற ஒரே புரதம். மிக அதிகமாக உள்ள புரதத்துக்கும் மிக அரிதாக உள்ளதற்கும் ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். பட்டாணி அளவுக் கட்டி கசியவிடும் புரதத்தை அங்கே தேடுவது, ஓடையில் கரைத்த மஞ்சளைக் கடலில் தேடுவது மாதிரி.

அப்படியானால் ஓடைக்கே போகலாமே என்று நினைத்தவர்கள் மார்பகக் காம்பிலிருந்து மெல்ல உறிஞ்சி எடுக்கும் நீரைக் கையில் எடுத்தார்கள். பால்நாளத்துக்குள்ளேயே ஊறும் நீர் அது. கிடைப்பது சில மைக்ரோலிட்டர்தான். புரதமோ செறிவாக இருக்கும். எனக்கு இதில் பிடித்த வசதி ஒன்று உண்டு: ஒரு மார்பில் நோய் இருந்தால், அதே பெண்ணின் மறு மார்பையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வயது, உணவு, ஹார்மோன் எல்லாம் ஒன்றே. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அந்த நீர் வராது. இந்தச் சோதனை மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, மாற்று அல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரிக்கையே வெளியிட்டது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி, நோய் வந்தபின் கண்டுபிடிப்பது பற்றி. நோய் வரும் அபாயம் வேறு கேள்வி. அதற்கு, பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து உறைய வைத்த மாதிரி வேண்டும். இங்கேதான் இரத்தம் முந்துகிறது. அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் 1989–90இலேயே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் இரத்தத்தைச் சேமித்துவிட்டார்கள். கண்ணீரை யார் அப்படிச் சேமித்தார்கள்? இத்தகைய 17 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2010இல் வெளியிட்டபோது, ஐஜிஎஃப்-1 என்ற புரதம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடச் சுமார் 28 சதவீதம் கூடுதல் அபாயம் தெரிந்தது. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அது போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியிடம் “உங்களுக்கு வரும், வராது” என்று சொல்லப் போதாது.

பரிசோதனைக்கூடங்களில் ‘சிஏ 15-3’ என்று ஓர் இரத்தப் பரிசோதனை எடுக்கிறார்களே, அதைப் பற்றி இடைவேளையில் ஓர் அம்மா கேட்டார். நோய் உடலில் பரவியவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் ஏறாது. கல்லீரல் கோளாறில் ஏறலாம். ஆகவே அம்மா, அந்த எண் சரியாக இருக்கிறதே என்று மேமோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள்.