டியூபில் இருக்கும் எண்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டில் ஜன்னல் திட்டிலோ, கண்ணாடிக்குக் கீழேயோ, சாமி அலமாரி ஓரத்திலோ பாதி பிதுக்கிய ஒரு டியூப் கிடக்கும். குதிகால் வெடிப்புக்கு என்று வாங்கியது. யார் வாங்கினார்கள், எப்போது வாங்கினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் வீட்டில் யாருக்குத் தோல் சொரசொரப்பானாலும் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். இன்று அந்த டியூபைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கட்டு கட்டும் அறையில். பாதங்களைப் பார்த்தே அந்த வருஷங்கள் போயின. நாற்று நடுகிறவர்களின் பாதம், கல்லுடைக்கிறவர்களின் பாதம், நாள் முழுக்கக் கடையில் நின்றே வியாபாரம் பார்க்கிறவர்களின் பாதம். பாதத்தைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோலை இளக்குகிற கிரீமில் மருந்து இருக்கிறது. அந்த மருந்து எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் டியூப் மேலேயே அச்சடித்திருக்கிறது. அந்த எண்ணைப் படியுங்கள். வானொலியில் கேட்கும்போது தேய்க்கிற எண்ணெய் என்று காதில் விழுந்துவிடப் போகிறது, அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஐந்து, பத்து, இருபது என்று எண்ணுகிறோமே, அந்த எண். அதன் பக்கத்தில் சதவீதக் குறி இருக்கும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? யூரியாவை எடுத்துக்கொள்வோம். யூரியா என்றதும் விவசாயிகள் வீட்டில் நிமிர்ந்து உட்காருவீர்கள். வயலுக்குப் போடுகிற யூரியாவும் டியூபில் இருக்கிற யூரியாவும் ஒரே பொருள்தான். நம் தோலே இயற்கையாக அதைக் கொஞ்சம் வைத்திருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைப்பதற்காக. அதற்காக மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உரத்துக்கான யூரியாவில் 2015-லிருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அது பயிருக்குச் செய்தது. மருந்துக்கான யூரியா வேறு சுத்தத்தில், வேறு அளவில் செய்தது.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். யூரியா 5 அல்லது 10 சதவீதம் என்றால் அது தோலுக்கு ஈரம் கொடுக்கும், காய்ந்த காலுக்கு நல்லது. 20, 30 என்று ஏறினால் வேலையே மாறிவிடும். தடித்துக் காய்த்துப்போன மேல்தோலை அது இளக்கி உரிக்கும். 40 சதவீதம் நகத்தையே இளக்கும் அளவு. நோய் பிடித்துத் தடித்த நகத்தை அறுவை இல்லாமல் எடுக்க மருத்துவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெயர் ஒன்று, டியூபும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் 10 எழுதியதும் 40 எழுதியதும் இரண்டு வேறு மருந்துகள்.

தடித்த தோலை உரிக்கிற சாலிசிலிக் அமிலமும் அப்படித்தான். 6 சதவீதத்தில் வருகிறது, 12-இல் வருகிறது. கால் ஆணிக்கு ஒட்டுகிற வட்டப் பிளாஸ்டரில் 40 சதவீதம் வரை இருக்கும். அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எங்கே பட்டதோ அங்கே வேலையைக் காட்டும்.

இந்த இடத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். இட்லிக் கடை வைத்திருந்தார். விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தால் பதினோரு மணி வரை நிற்பார். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. குதிகால் இரண்டும் கோடைகால ஏரி மாதிரி வெடித்திருந்தது. புடவை விளிம்பு வெடிப்பில் சிக்கி நூல் இழுக்கும் என்பார். அவருடைய மகன் பாசக்காரப் பையன். மருந்துக் கடையில் போய், "பித்தவெடிப்புக்கு ஏதாவது நல்லதா குடுங்கண்ணே, சீக்கிரம் கேக்கணும்" என்று வாங்கி வந்திருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா கட்டு கட்டும் அறைக்கு வந்தார். காலில் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தது, கடையில் காய்கறி போட்டுக் கொடுக்கிற கவர். அவிழ்த்தேன். பாதம் முழுக்க வெள்ளை வெளேரென்று, வெகுநேரம் தண்ணீரில் ஊறின விரல் மாதிரி நொதநொதத்துப் போயிருந்தது. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு குழி. அதில் ஒரு பச்சைப்பயறை வைத்தால் உட்காரும்.

"எரியலையாம்மா?" என்றேன்.

"இல்லையே சிஸ்டர், ஒண்ணுமே தெரியல. கேக்குதுன்னுதான் நெனச்சேன். பத்து நாளா ராத்திரி முழுக்கக் கவர் கட்டித்தான் படுக்கறேன்."

டியூபைக் கேட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடியிலிருந்து பற்பசை மாதிரி சுருட்டியிருந்தது, எழுத்தெல்லாம் மாவும் எண்ணெயும் பட்டு மங்கியிருந்தது. பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். சாலிசிலிக் அமிலம், 12 சதவீதம். அதை இரண்டு கால்களிலும் கணுக்கால் வரைக்கும், விரலிடுக்கு உட்பட, தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாகப் பூசி, மேலே பிளாஸ்டிக்கும் கட்டியிருக்கிறார். மூடிக் கட்டினால் மருந்து பலமடங்கு உள்ளே இறங்கும். அது அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

ஏழு வாரம் கட்டு கட்டினோம். விரல் தப்பியது. அந்த ஏழு வாரமும் கடை மூடியிருந்தது. அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த எண் விஷயத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

மருந்தின் அளவு எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் அந்த அம்மா சொன்ன "ஒண்ணுமே தெரியல". எரிந்திருந்தால் முதல் நாளே கழுவியிருப்பார். அவருக்குக் கால் மரத்திருந்தது, மரத்திருப்பதே தெரியாமல் மரத்திருந்தது. நம் வேலூரில் 1946-இல் வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்துப் பார்த்து இதைத்தான் கண்டு சொன்னார். விரல்கள் தேய்ந்து போவது நோய் நேரடியாகத் தின்பதால் அல்ல. வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டு, அது ஆறாமல் போவதால்தான். வலி நமக்குக் காவல் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன செய்தி. சர்க்கரையில் மரத்த காலுக்கும் அது அப்படியே பொருந்தும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவமனையில் உருவான சோதனை இது. அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை, இரண்டு காலிலும், ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. தொட்டதும் "ஆமா" என்று சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், தோல் உரிக்கிற எந்த மருந்தையும், கால் ஆணிப் பிளாஸ்டரையும் அந்தக் காலில் நீங்களாகப் போடாதீர்கள். மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிக் காட்டுங்கள். நிறையப் பேர் கூச்சப்பட்டுக் காட்டாமலே வந்துவிடுகிறார்கள்.

சரி, நல்ல காலுக்கு எப்படிப் போடுவது? ராத்திரி படுக்கப்போகும் முன் சாதாரணத் தண்ணீரில் காலைக் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கை நன்றாக உலர்த்துங்கள், குதிகாலில் மட்டும் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கட்டும். அந்த ஈரம் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், பூச வேண்டும். அளவு? உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இரண்டு குதிகாலுக்கும் அதுவே தாராளம். விரலிடுக்கில் வேண்டவே வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஈரம் தங்கும், சேற்றுப்புண் வருகிற இடம் அது.

வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தால் யூரியாவும் அமிலமும் அதில் போடக் கூடாது. சுரீரென்று எரியும், புண்ணும் பெரிதாகும். முதலில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிச் சுத்தமான துணியால் மூடி ஆற விடுங்கள். ஆறின பிறகு கிரீம். சர்க்கரை இருந்தால், அல்லது சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். பிளேடால் சீவுவது, மெழுகை உருக்கிச் சூடாக ஊற்றுவது, இதெல்லாம் நம் ஊரில் இன்றும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கால் தேய்க்கிற கல்லால் மெல்ல, ஒரே பக்கமாகத் தேய்த்தாலே போதும், அதுவும் மரத்துப்போகாத காலில்.

பூசிய கையோடு மொசைக் தரையில் நடக்காதீர்கள். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்து, கிரீம் பூசிய காலோடு வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பருத்திக் காலுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அது வழுக்காமல் பார்த்துக்கொண்டு நடங்கள்.

இன்னொரு எழுத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். டியூபில் மருந்தின் பெயர் 'சோன்' என்றோ 'சால்' என்றோ முடிகிறதா? பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால். இவை ஸ்டீராய்டு. சாலிசிலிக் அமிலத்தோடு சேர்த்தும் வருகின்றன. சொரியாசிஸ் மாதிரியான நோய்க்கு மருத்துவர் கணக்குப் பார்த்து எழுதித் தருகிற மருந்து இது. அம்மா குதிகாலுக்குப் போட்ட அதே டியூபை மகள் முகத்துக்குப் போட்டால் நாலு நாளைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு கிளம்பி, விட்டால் எரிகிறது என்று மறுபடி அதையே போடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். 2018-இல் நம் நாட்டில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததும் இந்தத் துன்பத்தைப் பார்த்துத்தான். ஆகவே எண்ணைப் படியுங்கள், கூடவே பெயரின் கடைசி எழுத்தையும் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், நன்றாகப் படிப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றித் தனியாக வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைகளுக்குச் சாலிசிலிக் அமிலம் பூசவே வேண்டாம், பிஞ்சுத் தோல் வழியே அது ரத்தத்தில் கலந்துவிடும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக நெருப்பு. இந்தக் கிரீம்கள் பலவற்றில் பாராஃபின் இருக்கிறது. அது ஊறின துணி சட்டென்று பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. இங்கிலாந்தில் இப்படித் தீப்பிடித்து உயிர்கள் போனபிறகு, 2018-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பாராஃபின் குறைவாக உள்ள கிரீமுக்கும் சேர்த்தே எச்சரிக்கை விடுத்தது. ராத்திரி போட்ட காலுறையோடு காலையில் அடுப்படிக்குப் போகாதீர்கள். கிரீம் பட்ட புடவையோடு விளக்கேற்றக் குனியாதீர்கள். பீடி, சிகரெட் பிடிக்கிற பெரியவர் படுக்கிற விரிப்பை அடிக்கடி மாற்றுங்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.