நம்பிச் சொன்னவரிடம் நமக்குள்ள கடமை

நேயர்களுக்கு வணக்கம்.

விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் மாணவனோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, உடன்பிறந்த தம்பியோ நம்மிடம் வந்து, "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, இனி உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் நம்மேல் வந்து சேரும் கடமை என்ன, அதில் சட்டம் கேட்பது எவ்வளவு, மனச்சாட்சி கேட்பது எவ்வளவு என்பதே என் உரையின் பொருள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். இப்படி இறந்தவர்களில் பலர் அதற்கு முன்பே தம் எண்ணத்தை யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் வெளிப்படுத்தியிருந்தார்கள் என்பதை எண்ணும்போது, கேட்டவர் செய்யவேண்டியது என்ன என்ற கேள்வி நம் எல்லோருடைய கேள்வியாகிறது.

வெளியே சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்ற அச்சம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதித்த காலத்தில் பிறந்த அச்சம் அது. அக்காலத்திலும் முயற்சிதான் குற்றமாக இருந்ததே தவிர, எண்ணத்தை ஒருவரிடம் சொல்வது ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று கூறியதோடு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின்மேல் சுமத்தியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆவது பிரிவே இடம்பெறவில்லை. அரசு ஊழியர் ஒருவரைப் பணியவைக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் முயற்சி மட்டுமே அதன் 226ஆவது பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது.

இனிக் கேட்டவரின் நிலைக்கு வருவோம். நண்பரோ அயலாரோ இத்தகைய செய்தியைக் கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருந்தார் என்பதற்காக மட்டும் அவரைத் தண்டிக்கும் பொதுவான விதி நம் சட்டத்தில் இல்லை. தூண்டியவரையும், வேண்டுமென்றே உதவி செய்தவரையும்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆவது பிரிவு பத்தாண்டு வரை சிறைக்கு அனுப்புகிறது. சினத்தில் "செத்துப் போ" என்று சொல்வது மட்டுமே தூண்டுதல் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. சட்டத்தின் முன் அந்தச் சொல் தப்பிவிடலாம். ஆனால் ஒருவர் உடைந்துபோய் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேளையில் அதைச் சொல்வதற்கு எந்த நியாயமும் இருக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகியோரின் நிலை வேறு. நோயாளி சொன்னதை இரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை என்று விதிக்கும் அதே மனநலச் சட்டம், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் தகவலை வெளியிட 23ஆவது பிரிவில் இடம் தருகிறது. கல்வி நிறுவனங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கட்டாய நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். ஆபத்தான நிலையில் உள்ள மாணவரை உடனே சிகிச்சைக்கு அனுப்புவதற்கான எழுத்துவடிவ நடைமுறையும் அங்கே இருக்கவேண்டும். ஆகவே, மாணவி சொன்னதைக் கேட்ட விடுதிக் காப்பாளர், அது வீட்டு விஷயம் என்று ஒதுங்கிக்கொள்ள இனி வழியில்லை.

ஓரிடத்தில் மட்டும் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஒன்று, பாலியல் கொடுமைக்கு ஆளானதால்தான் சாக நினைக்கிறேன் என்று சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, கேட்டவர் யாராக இருந்தாலும் அந்தக் கொடுமையைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்கத் தவறுவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், எஞ்சுவதெல்லாம் மனச்சாட்சியின் பொறுப்பு. உண்மையான சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. அம்மா மேல் ஆணையாகச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறினால் இனி நம்மை நம்பமாட்டாரே என்று கேட்டவர் தவிக்கிறார். என்னைக் கேட்டால், அந்தச் சத்தியத்தை மீறத்தான் வேண்டும். உயிர் போய்விட்டால் காப்பாற்றுவதற்கு நம்பிக்கையும் இராது, நட்பும் இராது; கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் நண்பரையோ என்றைக்காவது சமாதானப்படுத்த முடியும். உண்மையில் சாகவேண்டும் என்ற முடிவில் அசையாமல் இருப்பவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை; சொல்கிறார் என்றால், அவருக்குள் ஏதோ ஒரு பகுதி தடுத்து நிறுத்தப்படுவதை விரும்புகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மீறும் முறை முக்கியம். அவருக்குத் தெரியாமல் பின்னால் போய்ச் சொல்வதைவிட, "இதை நான் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல், நானும் கூட வருகிறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது நல்லது. ஊரைக் கூட்டவேண்டியதில்லை, உதவக்கூடிய ஒருவர் இருவருக்குத் தெரிந்தால் போதும். கணவனின் அடியோ மாமியாரின் கொடுமையோதான் காரணம் என்று ஒரு பெண் சொல்லும்போது, அந்த வீட்டாரிடமே போய்ச் சொல்வது அவளைக் காட்டிக்கொடுப்பதாகவே முடியும். அவள் பிறந்த வீட்டில் யாரை நம்புகிறாள் என்று அவளிடமே கேட்கவேண்டும்.

"சாகவேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி விதைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் சற்று இறங்குகிறது. எப்போது, எப்படி என்று ஏற்கெனவே திட்டமிட்டிருப்பதாக அவர் சொன்னால், அவரைத் தனியே விட்டு நகரக் கூடாது. ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். சாகும் உந்துதலின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை என்பதால், பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

முயற்சி நடந்துவிட்ட பிறகும் கடமை முடிந்துவிடுவதில்லை. மருத்துவமனையில், "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்று பொய் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பொய்யால் உடலுக்கு மட்டும் மருந்து கிடைக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்காமலே அந்தப் பெண் வீடு திரும்புகிறாள். போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சையை உடனே அளிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருப்பதால், மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சவேண்டாம்.

இத்தகைய எண்ணத்தோடு யாரேனும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இப்போதே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. இன்னொருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு உறக்கமின்றித் தவிப்பவர்களும், அடுத்து என்ன செய்வது என்று கேட்பதற்கு இதே எண்களை அழைக்கலாம். வணக்கம்.